எட்டாங்கட்டை டாட் காமும் ஒரு கிடாவும்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். நான் காலை மட்டுமா விட்டேன்? பேனர் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, இருந்த வேலையையும் விட்டுவிட்டு, அதன் பிறகுதான் குனிந்து ஆழத்தைப் பார்த்தேன்.

அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். வீட்டில் அரைத்த சாம்பார் பொடியைத் தோழிகளுக்கு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நமக்குத் தலைகால் புரியுமா? சைவ மசாலா வியாபாரத்தை ஆன்லைனில் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் பிறந்தது எட்டாங்கட்டைத் தோட்டத்தில். (கட்டை என்றால் மைல். டவுனிலிருந்து எட்டாவது மைல். எங்கள் ஆட்கள் பெயர் வைப்பதற்கு அதிகம் சிரமப்படமாட்டார்கள்.) ரப்பர் மரமெல்லாம் போய் அங்கே இப்போது வரிசை வீடுகள். அந்தப் பெயரை இனி யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

போனில் எட்டாங்கட்டை டாட் காம் என்று தட்டிப் பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை. சரி, ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு ஒன்று காலியாகக் கிடந்தால், முதலில் சாமி படத்தையும் பாயையும் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவோம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொல்வதெல்லாம் அப்புறம். அவரும் தலையைச் சொறிந்துவிட்டு எழுதிக்கொள்வார். இன்டர்நெட்டிலும் இதே சட்டம்தான் என்று நம்பிய ஒரே ஆள் இந்தப் பேராக் மாநிலத்தில் நானாகத்தான் இருக்கும்.

ஆகவே சாமி படம் வைத்தேன். அதாவது, டப்பாவுக்கெல்லாம் எட்டாங்கட்டை டாட் காம் என்று ஸ்டிக்கர் அடித்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரு டீ சட்டை. லாரி ஓட்டுகிற மனிதர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபடி, பெயரை முறையாக வாங்கியாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டார். விளங்கினமாதிரிதான், நல்ல காரியம் தொடங்கும்போது வாயை வைக்காதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அடுத்த வாரமே வேலையை விட்டேன். சும்மா விட்டேனா? கேன்டீனில் நாற்காலி மேல் ஏறி நின்று, இனி என்னை ஆன்லைனில்தான் பார்க்க முடியும் என்று ஒரு பேச்சு. சூப்பர்வைசர் மிஸ் வோங் கைதட்டிவிட்டு, மாதக் கடைசி வரை என் இடத்தில் ஆள் போடமாட்டேன், கடையை மூடிவிட்டால் வந்துவிடு என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ அந்தப் படியை மறுபடி மிதிப்பதைவிடக் கிந்தா ஆற்றில் குதிக்கலாம் என்றிருந்தது.

பிறகுதான் பெயரை வாங்கப் போனேன். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம், வேறு பெயர் பாருங்கள் என்று வந்தது. எவனோ வாங்கி, பூட்டிப் போட்டு வைத்திருக்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் போனையே திட்டினேன். கடைசியில் கிடைத்தது, எட்டாங்கட்டைத் தோட்டத்துச் சுத்த சைவ மசாலா டாட் காம் டாட் எம்.ஒய். சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் கொதித்து அடங்கிவிடும். இருந்தாலும் என்ன செய்ய? டப்பா ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர். பேனரில் பழைய முகவரி மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, புதியதை மார்க்கரில் எழுதினேன். பூட்டிய வீடுதானே, ஒருவேளை யாராவது தவறிப் போனாலும் வெறும் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சேகரிடம் சமாதானமும் சொன்னேன்.

திறப்பு விழாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது புரட்டாசி சனிக்கிழமை. ஊரே சைவம் சாப்பிடுகிற மாதம். நாங்கள் குடியிருக்கும் சிலிபினில் பக்கத்துப் பெருமாள் கோயிலில் அன்றைய அன்னதானச் சாம்பார் என் உபயம். உபயகாரர் பெயரைக் கோயில் தலைவர் மைக்கில் சொல்வது வழக்கம். (எங்கள் தலைவருக்கு மைக் கிடைத்தால் பெருமாளுக்கே வழிவிடமாட்டார்.) விளம்பரத்துக்கு விளம்பரம், புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று கணக்குப் போட்டேன்.

பந்தி உட்கார்ந்தது. இலையில் சாம்பார் விழுந்தது. தலைவர் மைக்கை எடுத்து, மண்டபச் சுவரில் நான் மாட்டியிருந்த பேனரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மண்டபத்து மின்விசிறி நான் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பிய்த்து எங்கேயோ கொண்டுபோயிருந்தது. நான் கையை ஆட்டினேன். அவர் ஆசீர்வதிக்கிறமாதிரி திரும்பக் கையை ஆட்டிவிட்டு, கம்பீரமாகப் படித்தார்.

"எட்டாங்கட்டை டாட் காம்! நம்ம புள்ள லா. சப்போர்ட் பண்ணணும். எல்லாரும் இப்பவே போனை எடுத்துத் தொறங்க."

வலது கையில் சாம்பார், இடது கையில் போன். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் குனிந்தது. நானும் திறந்தேன். வெறும் கதவைத்தான் எதிர்பார்த்தேன். திரை நிறைய ஒரு ஆடு. கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள், முகத்தில் எல்லாம் தெரிந்த ஒரு பார்வை. கீழே கொட்டை எழுத்தில்: 'நேர்த்திக்கடன் கிடா கிடைக்கும். வெட்டியும் தரப்படும்.'

ஒரு பாட்டியம்மா தன் இலையிலிருந்த கத்தரிக்காய்த் துண்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் இலையை மடித்தார். தலைவர் நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி மைக்கைப் பிடித்து, சாம்பாரில் ஆடு இல்லை, சாம்பாரில் ஆடு இல்லை என்று அறிவிக்கத் தொடங்கினார். அதுவரை ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடைசிப் பந்தியும் கையை உதறியது. செருப்பு விடும் இடத்திலிருந்தவர்கள்கூட என்ன ஆடு, எங்கே ஆடு என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் கை கழுவும் குழாய்ப் பக்கம் போய் நின்று அழுதேன். சேகர் பின்னாலேயே வந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆடு நல்ல ஆடு என்றார்.

மறுநாள் ஒரு போன் வந்தது.

"தங்கச்சி, நான் மணியம் பேசுறேன், கோப்பெங்லேர்ந்து. காலையிலேர்ந்து ஆளாளுக்கு என்கிட்ட சாம்பார் பொடி இருக்கான்னு கேக்குறாங்க. பேனர் போட்டோவுல உங்க நம்பர் இருந்திச்சி. என்னா லா இது?"

முந்தின நாள் அழுகையெல்லாம் அந்த மனிதர் மேல் கோபமாகத் திரும்பியது. பெயரை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, சரியாகப் புரட்டாசியில்தான் ஆட்டைப் போடவேண்டுமா என்று பாய்ந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். புரட்டாசியில் ஆட்டு வியாபாரம் படுத்துவிடும். அந்த ஓய்வில்தான் பக்கத்தைச் செய்து போட முடிந்ததாம். தீபாவளிக்கு முன்பதிவு எடுக்கவேண்டும் அல்லவா? நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். சரி, பெயரை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"அது முடியாது. எங்கப்பா அங்கதான் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுனாரு."

"எங்கப்பாவும் அங்கதான் மரம் வெட்டுனாரு, அண்ணே."

எந்த லயம் என்று கேட்டார். மாட்டுக்கொட்டகைக்கு எதிர் லயம் என்றேன். அந்த மாட்டுக்கொட்டகையில் இருந்தது அவர்கள் ஆடுகள்தானாம். சின்ன வயதில் எங்கள் வேலிக் கீரையையெல்லாம் மேய்ந்து தீர்த்த அதே பரம்பரை! எங்கள் அம்மா விளக்குமாற்றோடு துரத்தியது அவருக்கும் நினைவிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. பெயரைத் தரமாட்டேன், ஆனால் என் இணையப் பக்கத்திலேயே உனக்கு ஒரு மூலை தருகிறேன் என்றார் மணியம் அண்ணன்.

தந்தார். ஆடு நிற்கிற படத்தில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதன் பின்பக்கம். வாலை ஒட்டினாற்போல ஒரு சின்னப் பச்சைப் பெட்டி: 'சைவ மசாலாவுக்கு இங்கே அழுத்தவும்.' மானம் போகிறது என்று குதித்தேன். ஆனால் ஆடு பார்க்க வந்தவர்கள் அழுத்தினார்கள். மாதக் கடைசிக்குள், இனி திரும்பி வரமாட்டேன் என்று மிஸ் வோங்குக்குத் தகவல் அனுப்பும் அளவுக்கு அழுத்தினார்கள். கிடா வாங்கியவர்கள் எல்லாம் கறி மசாலா எங்கே என்று கேட்டதில், தீபாவளிக்குள் என் சுத்த சைவமும் கறைபட்டது. இன்று அதிகம் ஓடுவது அந்தக் கறி மசாலாதான்.

ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு முகவரி எனக்கென்று இன்னும் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதைத் தட்டியதாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் யாராவது, உங்கள் கடையை ஆன்லைனில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் நான் மூச்சை இழுத்து, எட்டாங்கட்டைத் தோட்டத்து என்று தொடங்குவேன். நான் சுத்த சைவத்துக்கு வருவதற்குள், அந்தப் பழைய டீ சட்டையில் தொப்பை பிதுங்க நிற்கும் என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்துவிடுவார்.

"அதெல்லாம் வேணாங்க. ஆட்டைத் தொறந்து, வாலுகிட்ட அமுக்குங்க. இவ வருவா."