வலது காது மட்டும் என் பொறுப்பு

கண்ணாடி உடைந்து நிற்பவனைக் கண்டால் இந்த உலகம் முதலில் செய்கிற காரியம், அவன் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "இது எத்தனை விரல்?" என்று கேட்பதுதான். கால் உடைந்தவனிடம் யாரும், "எங்கே, அந்த முனை வரைக்கும் ஓடிக் காட்டு" என்று சொல்வதில்லை. பல் விழுந்தவனிடம் முறுக்கை நீட்டிச் சோதிப்பதில்லை. பார்வை குறைந்தவன் மட்டும் ஊருக்கெல்லாம் பரீட்சை எழுத வேண்டும்.

எனக்கு மைனஸ் பதினான்கு. கண்ணாடியைக் கழற்றினால் மூக்கு நுனியிலிருந்து நாலு விரற்கடைதான் என் ராஜ்ஜியம். அதற்கு அப்பால் எல்லாம் மழையில் நனைந்த கோலம். ("ஐயோ, அவ்வளவா! குடுங்க, போட்டுப் பாக்குறேன்" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று என்மேலேயே குற்றம் சாட்டுகிறவர்கள் தனி இனம்.)

தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்தக் கையெழுத்துக்குப் பிறகு எந்தக் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற மறு வருடம், திருத்தணி மலைமேல், ஒரு கிருத்திகை வெள்ளிக்கிழமையில் முறை தவறி ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை நானே எழுதிவிடுவது நல்லது. வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார்கள். விவரப் பிழைகள் ஏராளம்.

என் தங்கை கமலாவுக்கு ஒரே மகள், சுமதி. அவளுடைய ஒரு வயது மகனுக்கு அன்று மொட்டையடித்துக் காது குத்து. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சுமதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே அவளுடைய தாய்மாமனான எனக்கு அந்தப் பொறுப்பு மேல் முறையீட்டில் வந்து சேர்ந்தது. சுமதியின் புகுந்த வீடு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி. தெலுங்கு பேசுகிறவர்கள், சம்பிரதாயத்தில் ஓர் இழை பிசகினாலும் ஒரு தலைமுறைக்குப் பேசுவார்கள்.

"அண்ணா, அவங்க முன்னால நம்ம பக்கம்னு சொல்லிக்க நீ ஒருத்தன்தான்" என்றாள் கமலா. நான் நெகிழ்ந்துபோய் ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். தட்டச்சு செய்து, எல்லாருக்கும் ஒரு பிரதி. காது குத்து ஒன்பதரை முதல் பத்தரைக்குள், பத்தரைக்கு ராகுகாலம். இதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

மொட்டை எனக்கும் உண்டு. ஓய்வூதிய ஆணை தாமதமில்லாமல் வந்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். (நடைமுறை தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பயமும் தெரியும்.) முடி இறக்க உட்காரும்போது என் மனைவி வசந்தா கையை நீட்டினாள்.

"கண்ணாடிய இங்க குடுங்க."

"என் பொருள் என் பொறுப்பில் இருக்கட்டும்" என்றேன். சட்டையைக் கழற்றி, கண்ணாடியை அதன் பையில் வைத்து, நான்காக மடித்து ஓரமாக வைத்தேன். மொட்டையடித்து, குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தலைக்குச் சந்தனம் பூச வசதியாக உட்கார்ந்தேன்.

சட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழும் என்று, அடம்பிடித்துக் கனத்த கண்ணாடி வில்லை போட்டவன் நான். இடது வில்லை நாலு துண்டு. வலது வில்லை, நான் பதறிச் சட்டையை உதறியதில் தெறித்து, தலை கழுவிய தண்ணீரோடு உருண்டு, ஊர்மக்களின் முடியோடு கலந்து வாய்க்காலில் போயிற்று.

உடனே விரல்கள் வந்துவிட்டன. "பெரியப்பா, இது எத்தனை?" என்றார் சுமதியின் கணவர். சம்பந்தி தம்முடைய கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார். செருப்பு மாறிப் போட்டுக்கொள்வது போலக் கண்ணாடியும் மாறிப் போடலாம் என்பது படித்தவர்களிடமும் உள்ள நம்பிக்கை. "ஒரு ஸ்பேர் வெச்சிக்கக் கூடாதா?" என்று யாரோ நியாயம் பேசினார்கள். வைத்திருக்கிறேன் ஐயா! வீட்டில், பீரோவில். வீடு மலைக்குக் கீழே.

"சாவியக் குடுங்க, மாப்பிள்ள வண்டில போயி எடுத்துகினு வந்துடுவாரு" என்றாள் வசந்தா.

"எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று எனக்குத்தான் தெரியும். பீரோவைக் கலைத்துவிடுவார்கள்." சாவி என் அரைஞாணில் இருந்தது. அதைக் கைமாற்றும் வழக்கம் எனக்கு இல்லை.

அவள் ஒரு பெருமூச்சு விட்டு, என்னை ஒரு தூண் ஓரமாக உட்காரவைத்தாள். "நான் வந்து கூட்டினு போற வரைக்கும் இங்கயே இருங்க. யாரு கூப்பிட்டாலும் எழுந்துக்காதீங்க."

இருந்தேன். கண் தெரியாதவனுக்குக் காது கூர்மையாகும் என்று சொல்லிவைத்த மேதை யாரோ தெரியவில்லை. எனக்கு மேளமும் ஒலிபெருக்கியும் குழந்தைகளின் அழுகையும் ஒரே கூழாகத்தான் கேட்டன. எங்கும் மஞ்சள் துணி. அதன்மேல் சந்தன உருண்டைகள். பத்து மணி அடித்ததாக யாரோ சொன்னார்கள். எனக்குப் பதற்றம். நிரலை வகுத்தவனே தாமதத்துக்குக் காரணமாவதா?

அப்போது பக்கத்திலேயே ஒரு பெண்குரல்: "மேனமாம எக்கடண்டி? டைம் ஆயிபோதுந்தி!"

தாய்மாமனைத் தேடுகிறார்கள். அதுவும் தெலுங்கில். நகரி சம்பந்திகள்தான் என்று முடிவு செய்ய வேறென்ன ஆதாரம் வேண்டும்? (இந்த எல்லையில் தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லாரும் என் சம்பந்திகள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். அன்று மறந்துபோயிற்று.)

"நான்தான் தாய்மாமன்! இதோ வந்துட்டேன்!" என்று கையை உயர்த்திக்கொண்டு எழுந்தேன்.

யாரோ என்னைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தார்கள். மடியில் சந்தனம் மணக்க ஒரு மொட்டைத் தலை வந்து அமர்ந்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு மொட்டையடித்தால் ஆணா பெண்ணா என்பது நல்ல கண் உள்ளவர்களுக்கே சந்தேகம். காது குத்துகிற பத்தர் குனிந்தார்.

"எடது காது மொதல்ல குத்திடலாங்களா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆண் குழந்தைக்கு வலது, பெண் குழந்தைக்கு இடது. இதுகூடத் தெரியாமல் தொழிலுக்கு வந்துவிடுகிறார்கள்!

"வலதுதான் முதலில். அதுதான் முறை."

"இல்லீங்க சாமி, இது வந்து..."

"தாய்மாமன் யார், நீரா நானா?"

பத்தர் அடங்கினார். சுற்றி நின்றவர்கள், தாய் வீட்டுப் பக்கம் அப்படித்தான் வழக்கம் போல என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. என் பெருமை எல்லை கடந்தது. ஊசி இறங்கியது. குழந்தை அலறியது. குத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் தூணுக்குப் பின்னால் முகத்தை மூடி நின்றிருந்த தாய், அந்த அலறலில் திரும்பி ஓடி வந்தாள். வந்தவள் குழந்தையைவிட உரக்க அலறினாள்.

"அத்தே! யாரு இந்தப் பெரியவரு?"

"உங்க பெரிய மாமன் இல்லியா?" என்றது மாமியாரின் குரல், இப்போது தமிழில்.

"எனக்கு ஏது பெரிய மாமன்? எங்க அண்ணன் பஸ்ல வந்துகினு கீறான்!"

அந்த நேரம் பார்த்து அண்ணனும் வந்து சேர்ந்தான். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவன். சீர்த்தட்டோடு படியெல்லாம் ஓடி ஏறி வந்திருந்தான்.

"யோவ்! அது என் மடியில குத்த வேண்டிய காதுய்யா! நீ யாரு?"

"தாய்மாமன்" என்றேன். பழக்க தோஷம்.

"அதுவும் பொட்டப் புள்ளைக்கு வலது காது மொதல்லயா! இன்னா சாமி, படிச்சவரு மாதிரி கீறீங்க!"

கண்ணாடி உடைந்த கதையைச் சொன்னேன். உடனே அவன் விரல்களை நீட்டினான் (மூன்று என்று பிறகு சொன்னார்கள்): "இது எத்தனை?" அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. "இரண்டு" என்றேன். கூட்டம் என்னை நம்பிவிட்டது. குத்திய காது குத்தியதுதான், அதை ரத்து செய்ய முடியாது என்று பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். வலது என் பெயரில், இடது அண்ணன் பெயரில். நான் எழுந்து இடம் கொடுத்தேன். மாமியார் என் கையில் ஒரு வெற்றிலை பாக்கு வைத்து, விலாசமும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

என் தோளில் ஒரு கை விழுந்தது. யார் கை என்று எனக்குக் கண் தெரியாமலே தெரிந்தது.

"இன்னா பண்ணினு இருக்கீங்க இங்க?"

"வசந்தா, மணி என்ன?"

"பத்து முப்பத்தஞ்சு."

"குழந்தைக்குக் காது?"

"பத்தே காலு வரைக்கும் மலையெல்லாம் தேடினோம். எல்லா மொட்டையும் ஒரே மாதிரி கீது. கமலா அழுதுட்டா. நகரிக்காரங்க, 'மாமன் இல்லன்னா எங்க பக்கத்து ஆளு உக்காரட்டும்'னாங்க. எனக்கு ரோஷம் வந்துடிச்சி. நானே பாயில உக்காந்து புள்ளைய மடியில வெச்சிகினேன்."

"தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் நீயா? அதற்கு முறை..."

"முறை தெரிஞ்சவரு எங்க பூட்டீங்க?"

அன்று முதன்முறையாக அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். ஒப்புகை கேட்கவில்லை.

ஆறு வருடம் ஆயிற்று. எங்கள் வீட்டுக்குப் போன் செய்து சுமதி, "தாய்மாமன் இருக்காங்களா?" என்று கேட்டால் நான் பேசாமல் வசந்தாவிடம் கொடுத்துவிடுவேன். சுமதியின் மகன் இவளை "வசந்தா மாமா" என்றே கூப்பிடுகிறான். தீபாவளிச் சீரும் அவள் கையால்தான். நகரிக்காரர்கள் இன்றைக்கும் அவளுக்குத்தான் முதல் பந்தியில் இலை போடுகிறார்கள்.

எனக்கென்று யாரும் இல்லாமல் போகவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து வருடம் தவறாமல் ஒரு லுங்கி வருகிறது. போன மாதம் அந்தக் குழந்தையே போனில் வந்தாள்.

"வலது காது மாமாவா? ஸ்கூல்ல விளையாடும்போது கம்மல் தொலைஞ்சிபூட்ச்சி. அண்ணன் மாமாவக் கேட்டா, அது ஒங்க பக்கம்னு சொல்றாரு."

மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். (மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒன்று, வசந்தாவின் கைப்பையில் ஒன்று.) நகைக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒத்தக் கம்மலா? ஜோடியா எடுத்துக்குங்க சார்."

"முடியாதுங்க" என்றேன். "இடது காது என் அதிகார எல்லைக்குள் வராது."