குழாயோடு முப்பது ராத்திரி

மாஸ்க்கின் ஓரத்திலிருந்து சீறிய காற்று வலது கண்ணுக்குள் நேராகப் பாய்ந்ததும் ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார். மணி பன்னிரண்டரை. ஆறடிக் குழாய் கழுத்தை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்.

"இது மெஷினா, இல்ல என்னப் பழி வாங்க வந்த ஜென்மமா?"

மாஸ்க்கைக் கழற்றி மெத்தையில் எறிந்தார். அது அங்கேயும் புஸ்ஸென்று ஊதிக்கொண்டே கிடந்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு மூணாவது தடவை" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. போன மாதம் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தினார். விளக்கு பச்சையாகி, திரும்பச் சிவப்பாகி, மறுபடியும் பச்சையானது. வண்டி நகரவில்லை. நடத்துநர் முன்னால் வந்து பார்த்தபோது, ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி முறையாக உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஒரு பயணி வீடியோ எடுத்திருந்தான்.

போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவப் பிரிவு அவரை ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தது. தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தது. மூச்சுக்குழலுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் இந்த மெஷினை இரவலாகக் கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டது. முப்பது நாளில் தினமும் சராசரி நாலு மணி நேரமாவது இதைப் போட்டுத் தூங்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் சின்ன அட்டை எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். தேறினால் பஸ் திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால், ஓய்வு பெறும்வரை இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

இப்போது உட்கார்ந்திருக்கும் இடம், பணிமனையில் தவறவிட்ட பொருட்களுக்கான ஜன்னல். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் காவல். பஸ்ஸை வெளியே எடுக்கிற ஒவ்வொருவனும் அந்த ஜன்னலைத் தாண்டும்போது தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, குறட்டை விடுவதுபோல் காட்டிவிட்டுப் போனான். ஓட்டுநருக்கு வயிறு எரிந்தது. அவரிடம் வண்டி பழகியவன்கூட அப்படிக் காட்டினான்.

இதெல்லாம் போதாதென்று வீட்டில் ஒருவர் இருந்தார். மனைவியின் அண்ணன். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று எட்டு மாதத்துக்கு முன்பு பெட்டியோடு வந்தவர். வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எங்கே தேடுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிவரை கூடத்தில் டிவி பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் யோசனை சொல்வார். ஓட்டுநர் மனதுக்குள் அவருக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஆலோசகர் காபியை உறிஞ்சிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, குழாய நெஞ்சு மேல விடக் கூடாது. தலைக்கு மேலருந்து தொங்கணும். அப்பதான் எந்தப் பக்கம் திரும்புனாலும் கூடவே வரும்."

இந்த ஆளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று ஓட்டுநருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சொன்னது சரியாகத்தான் பட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அன்று மாலையே கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கொக்கி அடித்தார். குழாயை அதில் மாட்டித் தொங்கவிட்டார்.

குழாய் சமர்த்தாகத் தொங்கியது. ஆனால் மெஷின் ஊதுவது ஈரக் காற்று. அது குளிர்ந்த குழாய்க்குள் துளித்துளியாகச் சேர்ந்து, ராத்திரி ஒரு மணிக்கு மொத்தமாக இறங்கி மூக்குக்குள் போனது. படுத்த இடத்திலேயே முழுகிச் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுநர் துள்ளி எழுந்தார். அடுத்த அரைமணி நேரம் தும்மினார். மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

"குழாய்க்குக் குளிருது மாப்ள. அதுக்கு ஒரு சட்டை தைச்சுப் போடுங்க. தண்ணி சேராது" என்றார் ஆலோசகர்.

மனைவி ஒரு தையற்கடையில் வேலை பார்த்தாள். காலை எட்டரை மணிக்குக் கணவரோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். நாளெல்லாம் ஊருக்குத் தைத்துவிட்டு வந்தவளை உட்காரவைத்து, பழைய கம்பளியில் குழாய்க்குச் சட்டை தைக்கச் சொன்னார் ஓட்டுநர். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தாள். தைத்தது கச்சிதமாக இருந்தது. தண்ணீர் சேரவில்லை. ஆனால் கம்பளியின் கனம் தாங்காமல் இரண்டரை மணிக்குக் கொக்கி சுவரின் காரையோடு பெயர்ந்து வந்தது. ஓட்டுநர் மேல் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவியின் நெற்றியில் விழுந்தது.

அவள் எழுந்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு தையல் மெஷின் இருக்கிற சின்ன அறைக்குப் போய்விட்டாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"நான் வேணும்னேவா பண்ணேன்?" என்று மூடிய கதவிடம் கேட்டார் ஓட்டுநர்.

"எனக்கும் நாளைக்கு வேலை இருக்கு" என்றது கதவு.

இதற்கிடையில் இன்னொரு இம்சை. ராத்திரி அளவு பார்த்து இறுக்கி வைத்த மாஸ்க்கின் பட்டை, மறுநாள் படுக்கும்போது தளர்ந்து தொளதொளவென்று இருந்தது. குழாய் வைத்த இடத்தில் இல்லாமல் வேறு பக்கம் வளைந்து கிடந்தது. ஒரு நாளல்ல, தினமும். ஓட்டுநர் மனைவியிடம் பாய்ந்தார். சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று எதையாவது தொட்டுவைக்கிறாயா என்று கேட்டார். நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்றவள், இனிமேல் அந்தச் சனியனைப் பற்றித் தன்னிடம் பேசினால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன் என்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாவியையும் குடையையும் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

பதினெட்டாம் நாள் ஆலோசகர் அடுத்த யோசனையோடு வந்தார். கொக்கி வேண்டாம், எலாஸ்டிக் கயிறு போதும். பெட்டியைக் கட்டுகிற கயிறு தன்னிடம் இருக்கிறது. அதைக் கட்டில் கம்பியில் கட்டிக் குழாயைப் பிடித்தால், திரும்பும்போது நீளும், படுத்ததும் சுருங்கும் என்றார்.

"உங்க பெட்டிக் கயித்த எனக்குக் குடுத்துட்டா, ஊருக்குப் போறப்ப பெட்டிய எதால கட்டுவீங்க?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"அதுக்கென்ன மாப்ள இப்ப அவசரம்" என்றார் ஆலோசகர் பெருந்தன்மையாக.

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். அன்று ராத்திரி வலது பக்கம் திரும்பியபோது கயிறு நீண்டது. சொன்னபடியே சுருங்கவும் செய்தது. சுருங்கிய வேகத்தில், ஸ்டூலில் இருந்த மெஷின் கிளம்பி வந்து அவர் விலாவில் இடித்து, தனக்குள் இருந்த சின்னத் தண்ணீர்த் தொட்டியைப் பிளக்கில் கவிழ்த்தது. பட்டென்று ஒரு சத்தம். அவர் வீட்டோடு சேர்ந்து அந்த மாடி முழுவதும் இருண்டது. நடைபாதையில் டார்ச்சோடு கூடிய ஆறு குடும்பங்கள், முகத்தில் மாஸ்க்கும் அதிலிருந்து கம்பளிக் குழாயும் தொங்க வெளியே வந்த ஓட்டுநரைப் பார்த்தன. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

நல்லவேளையாக மெஷின் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஓட்டுநருக்கு உள்ளே ஏதோ விட்டுப்போனது. மிச்ச நாளெல்லாம் இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக் கொடுத்து, பலகைபோல மல்லாந்து கிடந்தார். அசைந்தால் குழாய் இழுக்கும்; ஆகவே அசையக் கூடாது. தூங்கினால் அசைவோம், ஆகவே தூங்கவும் அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு மணி நேரம் பொறுப்பார். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வயிறெரிய வயிறெரியப் பழையபடி குறட்டை விடுவார்.

முப்பது நாள் முடிந்தது. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவப் பிரிவுக்குப் போனார். போகிற வழியெல்லாம் தன் வாழ்க்கை குடைகளுக்கு நடுவில் முடியப்போவதை நினைத்துப் பொருமினார். அட்டையை வாசிக்கிற பெண் சிறுவயதுக்காரி. அவருடைய வேலை நேரத்தைக் குறித்துப் பணிமனையிலிருந்து வந்த கடிதத்தையும் அட்டையையும் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

"சராசரி ஏழு மணி பத்து நிமிஷம் சார்."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குத்தான். முப்பது நாளும் ஒண்ணு விடாம. இங்க வர்றவங்கள்ல இவ்வளவு நல்லா யாரும் போட்டதில்ல."

ஓட்டுநர் அந்தக் கணக்கை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் தனக்குத் தெரியாமலே தூங்கியிருக்கிறோம். விழித்துக்கிடந்ததாக நினைத்ததெல்லாம் கனவு. கொக்கி, கம்பளி, கயிறு எல்லாமே வேலை செய்திருக்கின்றன. கையெழுத்து வாங்க நாலு பேர் இருக்கிற இடத்தில் மூக்கை உறிஞ்சக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒரு பஸ் திருப்பத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஒடித்திருக்க வேண்டும் என்று அவர் கை தானாகச் சுழன்றது. மனைவியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தார். முக்கியமாக, அந்த நல்ல மனிதரை எட்டு மாதமாக மனதுக்குள் என்னென்ன திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஓட்டுநர் வீட்டுக்குப் போன் போட்டார். ஆலோசகருக்கு முதல் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மணி பதினொன்றே கால். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பாவம், வேலை தேடி வெளியே போயிருப்பார் என்று மனம் நெகிழ்ந்து போனை வைத்தார்.

"கையெழுத்து எங்கம்மா போடணும்?"

அவள் பணிமனைக் கடிதத்தை ஒரு தடவை பார்த்தாள். திரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ராத்திரிக் கணக்கு ஒரு மணி பத்து நிமிஷம்தான் சார், மிச்சம் ஆறு மணி நேரமும், நீங்க டிப்போல இருக்குறப்ப காலைல பத்துலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் புரளாமத் தூங்குற ஒருத்தரோடது. அவருக்கு லைசென்ஸ் இருந்தா நாளைக்கே வரச் சொல்லுங்க, பஸ்ஸ குடுத்துடலாம்."