மச்சானின் காருக்குப் புது மூளை

சாய்ந்தமருது
றமழான், நடுப்பத்து

அன்புள்ள ஹிஷாம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல் நலத்துக்கும் நோன்புகளுக்கும் இங்கிருந்து துஆச் செய்கிறோம். வாப்பா, உம்மா, ராத்தா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கார் சுகமில்லை.

இதை வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். இடையில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு ஸஹீத் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பெருநாளைக்கு வரும்போது நீங்கள் ஒரு சாமான் வாங்கி வரவேண்டும். எதை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அங்கே உங்கள் வேலை ஒப்பந்தம் பெருநாளோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பீர்களா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. உங்களைக் கட்டிய என் ராத்தாவும் கேட்கமாட்டார். போன் கோல் எடுத்தால் நீங்கள் காரைத்தான் முதலில் விசாரிக்கிறீர்கள். அவரும் காரைப் பற்றியே பதில் சொல்கிறார்.

கார் விக்கல் வந்ததுபோல் இழுத்து இழுத்து விக்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளத் தொடங்கும் இடத்தில் விக்கும். மெக்கானிக் முபீன் காக்கா தன் கராஜில் வைத்து முதலில் பிளக்கை மாற்றினார். பிறகு கொயிலை. பிறகு, மாற்ற மிச்சம் இருப்பது நான்தான் என்பது போல என்னைப் பார்த்தார். கடைசியில் எஞ்சின் கம்பியூட்டரைக் கழற்றித் திறந்தார். உள்ளே கொண்டென்சர்கள் கசிந்து, செம்புக் கோடுகள் பச்சையாகிக் கிடந்தன. வயது. கடற்காற்று.

"மூளை உருகிட்டு," என்றார்.

எனக்கு அந்தப் பெட்டி மேல் இரக்கம் வந்தது. எவ்வளவு பெற்றோல், எப்போது பொறி என்று ஜப்பானில் யாரோ ஒருவர் எழுதிவைத்ததை இத்தனை வருடமாகத் தவறாமல் சொல்லிவந்திருக்கிறது. யாரும் நன்றி சொன்னதில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முபீன் காக்கா பெட்டியைத் திரும்ப மாட்டி, "ஒருக்கா டேர்போட அமுக்கத்தக் கூட்டிப் பாப்பம், எந்த இடத்துல விக்குதெண்டு சரியாத் தெரியும்," என்று ஒரு திருகாணியைத் திருகினார். எப்போது பார்ப்பது? நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் வீதி காலி, அதுதான் நல்ல நேரம் என்றார். அதுவும் உண்மைதான், ஊரே கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது, நாங்கள் மட்டும் பிரதான வீதியில் போய்த் திரும்பி வந்து, நம் ஒழுங்கைக்குள் திருப்புகையில் அவர் "இப்ப அமுக்குங்க" என்றார், நான் அமுக்கினேன், கார் விக்கியது, எரியாத பெற்றோல் முழுவதும் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிந்தது. வெடி என்றால் அப்படியொரு வெடி. மச்சான், நம் பள்ளிவாசலில் நோன்பு திறக்க இன்னும் வெடிதான் போடுகிறார்கள் என்பதை நான் அந்த நிமிடத்தில் மறந்திருந்தேன். ஒழுங்கையில் ஐந்து வீட்டார் பிஸ்மி சொல்லி வாயில் வைத்துவிட்டார்கள். பிறகு பள்ளிவாசல் பாங்கு ஓசைக்காகக் காதைக் கொடுத்தார்கள். பாங்கு வரவில்லை.

அந்த ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்காரரான றஸாக் மாமா கையில் கோப்பையோடு வாசல் கடப்பலடிக்கு வந்தார்.

"ஆர்ரா வெடி போட்ட? வாய்க்க பேரீச்சம்பழம், வெளியில வெயில். துப்புறதா, முழுங்குறதா?"

"கார் மாமா," என்றேன்.

"ஹிஷாம்ட காரா? அப்ப இந்த நோன்ப அவன் கழாச் செய்யட்டும், எனக்காக இன்னொரு நாள் புடிக்கட்டும்!"

அவர் அதற்குள் விழுங்கியிருந்தார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டில் எல்லோரும் கூடி ஆலோசிக்கும் மசூறா. காருக்கு மசூறாவா என்று நினைப்பீர்கள். ஐந்து வீட்டு நோன்பு போயிருக்கிறது. வாப்பா தலைமை. வழக்கம்போல வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக அபிப்பிராயம், யாரும் யாரையும் வெட்டிப் பேசக்கூடாது.

முதலில் முபீன் காக்கா. பழைய கம்பியூட்டரை எறிந்துவிட்டு, தனியாக இயங்கும் புதியதைப் போடவேண்டும். லெப்டொப்பை மாட்டி, பெற்றோல் கணக்கையும் பொறி நேரத்தையும் நாமே எழுதலாம். "எழுதினா அது கார் இல்ல, குதிர."

அடுத்தது நான். பழையதைத் திருத்தி, அதோடு ஒரு சின்னப் பெட்டியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். மலிவு. உள்ளே வரும் காற்றின் அளவை அது மாற்றிச் சொல்லும், கம்பியூட்டர் அதை நம்பி நடக்கும்.

"மாத்திச் செல்லுறதெண்டா?" என்றார் வாப்பா.

"உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டி, குறைச்சி…"

"அப்ப அது பொய் செல்லுற சாமான்."

"சின்னப் பொய் வாப்பா."

"நோன்போட இரிந்துக்கு ஒனக்கு இதான் அபிப்பிராயமா? அடுத்தாள்."

றஸாக் மாமா சுருக்கமாக முடித்தார். "டேர்போவக் கழட்டுங்க. காத்து தானா வரும்."

எல்லோரும் முடிந்த பிறகு கதவடியிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"முபீன் காக்கா, இதுல எது சரிவர ஆகக் கூட நாள் எடுக்கும்?"

"புதுக் கம்பியூட்டர்தான் தங்கச்சி. மாட்டினதோட முடியிறல்ல. வெயிலுக்கு ஒருக்கா எழுதணும், காலையில ஸ்டார்ட் எடுக்க வேறயா எழுதணும். காருக்காரன் கூட இரிந்து ஓடி ஓடிப் பாக்கணும்."

"மாரி மழைக்கும் பாக்கணுமா?"

"பாக்காம எப்பிடி?"

"அப்ப அதத்தான் போடுங்க."

மாரிக்கு இன்னும் எவ்வளவோ மாதம் கிடக்கிறது. தன் கட்சி வென்றதென்று முபீன் காக்காவுக்கு மட்டும் சந்தோசம். வாப்பா தொண்டையைச் செருமினார்.

"முடிவு அதுதான். இனி ஆரும் கதைக்கப்படாது."

ஆகவே மச்சான், தனியாக இயங்கும் கம்பியூட்டர் ஒன்று. அதற்குரிய வயர்க்கட்டோடு. புகையில் மீந்திருக்கும் காற்றை அளக்கும் சென்சரையும் சேர்த்து வாங்குங்கள், அது இல்லாமல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது. ஒக்டேன் தொண்ணூற்றைந்து பெற்றோல் இங்கே எல்லா நாளும் கிடைக்காது, தொண்ணூற்றிரண்டுக்கே எழுதுவோம். வேகம் குறையும். பரவாயில்லை. போகவேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

உங்கள் பிரயாணத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. உம்மா ஸலாம் சொன்னார். றஸாக் மாமாவும் சொன்னார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
நஸீம்

பி.கு: கடித உறையை ஒட்டுவதற்கு முதல் ஒன்று நடந்துவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று முபீன் காக்கா பழைய கம்பியூட்டரைக் கல்முனையில் டீவி திருத்தும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் கசிந்த கொண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் பற்றவைத்துத் தந்தார். இன்று காலை மாட்டினோம். காரைதீவு வரை போய் வந்தோம். விக்கல் இல்லை, வெடி இல்லை, டர்போ பட்டுப் போல இழுக்கிறது. உண்மையில் நீங்கள் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ராத்தாவிடம் சொன்னோம். வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "கழட்டுங்க," என்றார். கம்பியூட்டர் இப்போது அவருடைய அலுமாரிக்குள், சாரிகளுக்கு இடையில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று கட்டளை. ஆகவே நான் சொல்லவில்லை. புதியதைக் கொண்டு வாருங்கள். வந்திறங்கிச் சாவியைப் போடும்போது கார் ஸ்டார்ட் எடுக்காது. தயவுசெய்து ஆச்சரியப்படுங்கள்.