இருபது நிமிஷம் பேசக் கூடாது

எனக்குத் தலைவலி. வாரத்துக்கு இரண்டு தடவை. அது பொய் இல்லை என்று நிரூபித்தே தீருவதாக, எண்பத்துமூன்றாம் வருஷம், மலையாளப் புத்தாண்டான விஷு அன்றைக்குச் சபதம் எடுத்தேன்.

காரணம் என் மனைவி அம்மிணி. பதினேழு வருஷமாக நான் "தலை பிளக்கறது" என்றால் அவள் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. ஜன்னலைச் சாத்துவாள், கதவைச் சாத்துவாள், போய்விடுவாள். அன்றைக்கு மட்டும், போகும்போது லேசாகச் சிரித்தாள்.

சிரிப்பா! மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா நான். பெயர் பிச்சுமணி. தலைமைக்கே தலைதானே ஆதாரம்? அதையா சந்தேகப்படுவது?

தோப்பும்படியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு மாடியில் இஸ்மாயில் என்று ஒரு டாக்டர். பாலக்காட்டு ராவுத்தர், கொழும்பில் அக்குபங்சர் படித்தவர், தமிழ் பேசுவார். அவர் வாயால் சொல்லி அம்மிணி காதில் விழ வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நாடி பார்த்தார். கண்ணைப் பார்த்தார். "பழைய தலைவலி சார். ரொம்பக் கடுமையானது" என்றார்.

அம்மிணியை ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்தாச்சு. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். அதற்குள் அவர் என்னைப் படுக்கவைத்துவிட்டார். இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஊசி. புருவத்துக்கு நடுவில் ஒன்று. கட்டைவிரல் இடுக்கில் கைக்கு ஒன்று.

"இருபது நிமிஷம் அசையக் கூடாது சார். பேசவும் கூடாது. தாடை அசைஞ்சா ஊசி வளையும்."

"நான் பேசலாமோ டாக்டர்?" என்றாள் அம்மிணி.

"நீங்க தாராளமாப் பேசுங்கம்மா."

நாற்காலியை என் காதோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏன்னா, எங்கப்பா போன சேதி வந்த அன்னிக்கு நீங்க தலைவலின்னு படுத்துண்டேள். நான் தனியா பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் யாரோ ஒரு சேச்சி தோள்ல சாஞ்சுண்டு அழுதேன். இதை உங்ககிட்டே சொல்லணும்னு எட்டு வருஷமாப் பாக்கறேன். வாயத் திறந்தாலே உங்களுக்குத் தலைவலி வந்துடறது."

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வலித்ததா? இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கக் கை இல்லை. இருந்த இரண்டிலும் ஊசி.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "வலிக்குதா சார்? இந்த ஊசி வலிக்கக் கூடாதே!"

"அது உங்க ஊசி இல்லே டாக்டர்" என்றாள்.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன தலைவலி குறைந்து தொலைத்தது. தனியாகப் போகலாம் என்றால், ஊசி எடுத்ததும் தலை சுற்றும், துணைக்கு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். துணை புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றது. வாரம் இரண்டு நாள். எனக்கு ஊசி, அவளுக்குப் பேச்சு. குத்தினது இரண்டு பேர், படுத்தது நான் ஒருத்தன்.

ஐந்தாவது தடவை குரலை மாற்றிக்கொண்டாள்.

"கலூர்ல ஒரு ஸ்கூல்ல ஹிந்தி டீச்சர் வேலை கெடச்சிருக்கு. ஜூன் ஒண்ணாம் தேதி சேரணும்."

ஹிந்தியா? இவளா? என் கண் விரிந்திருக்க வேண்டும்.

"எப்போ படிச்சேன்னுதானே பாக்கறேள்? உங்களுக்குத் தலைவலி வந்தப்போல்லாம் ஆக்கும். நீங்க உள்ளே இருட்டில படுத்துண்டிருப்பேள். வீடு நிசப்தமா இருக்கும். அடுக்களைல உக்காந்து படிச்சேன். எல்லாப் பரீட்சையும் பாஸ். உங்க தலை மட்டும் நன்னா இருந்திருந்தா நான் ஒரு எழுத்துக் கத்துண்டிருக்க மாட்டேன்."

நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ. சம்மதம்னா பேசாம இருங்கோ. டாக்டர், நீங்க சாட்சி."

வாயைத் திறந்தேன். நெற்றிப்பொட்டில் சுரீர் என்றது.

"சாரே! அசையாதீங்க!" டாக்டர் ஓடி வந்தார்.

வாயை மூடிக்கொண்டேன்.

"சந்தோஷம்" என்றாள் அம்மிணி.

பத்துத் தடவையோடு தலைவலி அடியோடு நின்றுவிட்டது. கூடவே இருந்து குழி பறித்தது அதுதான்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை, கொட்டுகிற மழையில், கடைசி அஸ்திரத்தை விட்டேன். பொய்யாகப் படுத்துக்கொண்டு, "அம்மிணி, தலை பிளக்கறது" என்று முனகினேன்.

அவள் பதறவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். போர்த்திவிட்டாள். "உங்க ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பிடறேன். பக்கத்தாத்து கமலாக்ஷி மாமி நம்மாத்துத் திண்ணைலயே உக்காந்திருப்பா, ஒருத்தரையும் உள்ளே விட மாட்டா. நன்னாத் தூங்குங்கோ." குடையை எடுத்துக்கொண்டு, அக்கரைக்குப் படகு பிடிக்க போட் ஜெட்டிக்குப் போய்விட்டாள்.

எழுந்தால் மாமிக்குக் கேட்கும். பாத்திரம் உருண்டால் மாமி வழியாக மட்டாஞ்சேரிக்கே கேட்கும். ஒரு வலியும் இல்லாமல், பசியோடு, சாயங்காலம் ஐந்தரை மணி வரை இருட்டில் கிடந்தேன்.

அம்மிணி வந்தாள். விளக்கைப் போட்டாள்.

"எப்படி இருக்கு?"

"இப்போ வலியே இல்லே" என்றேன்.

"காலம்பறயும் இல்லே. எழுந்திருங்கோ. ஐம்பது குழந்தைகள், ஒரே இரைச்சல். எனக்குத் தலை வலிக்கறது."