கௌதாரிக்கு வந்த லைக்குகள்

ஒரு காட்டில், டவர் கட்டியதுபோக மிச்சமிருந்த மரங்களுக்கு நடுவே, பொன்னுருவி என்ற கௌதாரி தன் கணவன் சடையனோடு வாழ்ந்து வந்தாள். அந்தக் காட்டில் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. கை இல்லாதவர்களிடமும் வந்துவிட்டது. எல்லோரும் 'கிளை' என்ற வலைத்தளத்தில் சேர்ந்து, எதிரே வந்தால் முகம் கொடுக்காதவர்களுக்கெல்லாம் அங்கே காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுருவியும் சேர்ந்தாள். பெயர் கேட்டது, சொன்னாள். 'நீங்கள் அதிகம் பயப்படுவது யாருக்கு?' என்று கேட்டது. கேட்டால் மறைக்கத் தெரியாதவள். 'பாம்பு' என்று அடித்தாள். உடனே கிளை, 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று வரிசையாகப் பாம்புகளைக் காட்டியது. அவள் பதறிப்போய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அழகான ஒரு மயில் படத்தைக் கண்டதும்தான் மூச்சு விட்டாள். பெயர் மயிலழகன். நட்பு கேட்டிருந்தான். கொடுத்தாள்.

பக்கத்து வளையில் இருந்த கீரி முத்திருளன் தலையை நீட்டினான்.

"அக்கா, புதுசா சேர்ந்திருக்கீங்க. மூணு விஷயம் சொல்றேன். முகம் தெரியாதவனச் சேர்க்காதீங்க. கூடு எங்க இருக்குன்னு போடாதீங்க. வெளிய கிளம்புறதச் சொல்லாதீங்க."

"உனக்கு ஏன் தம்பி இதெல்லாம்?"

"நானும் முட்டை திங்கிறவன்தான்க்கா. பக்கத்து வீட்டுல வாய் வைக்கிறதில்ல, அவ்வளவுதான். ஆனா திங்கிறவன் புத்தி எனக்குத் தெரியும்."

பொன்னுருவிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. முட்டை தின்கிறவன் பேச்சை யார் கேட்பது?

அந்த வாரமே முட்டையிட்டாள். படம் எடுத்துப் போட்டாள். சொந்தபந்தம் சிலர் இதயம் விட்டார்கள். மயிலழகன் மட்டும் உருகிவிட்டான். 'என்ன வடிவம்! என்ன வழவழப்பு! எந்தப் புதர் அக்கா? நேரில் வந்து வாழ்த்த ஆசை.'

'ஓடைக்குக் கிழக்கே, சாய்ந்த இலந்தையடியில் தம்பி' என்று எழுதினாள். மறுநாள் காலை, 'கணவருடன் மண்குளியல்' என்று ஒரு படமும் போட்டாள். சடையன் இறகெல்லாம் புழுதியாக, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது கூட்டில் ஒன்றுமில்லை. மணலில் வளைந்து வளைந்து ஒரு தடம் போயிருந்தது. சடையன் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தான். அடைகாக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. பொன்னுருவி வெறும் கூட்டைப் படம் எடுத்து, 'யாராவது பார்த்தீர்களா?' என்று போட்டாள்.

காடே திரண்டது. அழுத முகங்கள் கொட்டின. யானைகள் பகிர்ந்தன. ஆந்தைகள் கவிதை எழுதின. மயிலழகன், 'வார்த்தை வரவில்லை அக்கா. வயிறு கனக்கிறது' என்று எழுதினான். மனசு என்பதற்குப் பதில் துக்கத்தில் மாற்றி அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்திருளன் தடத்தை மோந்து பார்த்துவிட்டு, 'இந்த மயிலழகன் ஒரு சாரைப்பாம்பு' என்று அதன் கீழேயே எழுதினான். அவ்வளவுதான். 'சாவு வீட்டில் சண்டை மூட்டாதே', 'நீயே முட்டை தின்பவன்தானே' என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். ஓர் இனத்தின் மீது வெறுப்பைப் பரப்பியதாகக் கிளை அவன் கணக்கை முடக்கியது. 'அவனை மன்னித்துவிட்டேன்' என்று எழுதிய மயிலழகனுக்குப் பெரிய மனது என்று பாராட்டுக் கிடைத்தது.

"அத மூடு புள்ள. வேற புதர் பாத்துப் போயிரலாம்" என்றான் சடையன்.

"நமக்காக எத்தன பேர் அழுறாங்க பாருங்க. இதுக்கு முன்ன நம்மள யாராவது ஏறெடுத்துப் பாத்தாங்களா?"

சடையன் எழுந்து, அந்தக் குழியை மண் தள்ளி மூடினான்.

பொன்னுருவி பெரிய ஆளானாள். 'கிளையில் சேருமுன் புதியவர்கள் அறிய வேண்டியவை' என்று அவளைப் பேச அழைத்தார்கள். முத்திருளன் சொன்ன மூன்றையும் தன் சொந்த யோசனையாகச் சொல்லி, நடுவில் ஒரு தடவை அழுதாள். முயல்கள் எழுந்து நின்று கைதட்டின. தட்டிய கையோடு, தட்டிய இடத்தையும் நேரத்தையும் படத்தோடு பதிவிட்டன.

அடுத்த பருவத்தில் சடையன் முள் நிறைந்த காரைப்புதராகத் தேடிப்பிடித்தான். மறுபடி முட்டைகள் வந்தன. அவன் இரைக்குக்கூடப் போகாமல் காவல் இருந்தான். பொன்னுருவி படம் போட்டாள். சீந்துவாரில்லை. 'முட்டைதானே' என்று ஒரு காட்டெருமை கொட்டாவி விட்டது. 'பழைய பொன்னுருவி அக்காவைக் காணோமே' என்று ஒரு மான் வருத்தப்பட்டது.

மயிலழகன் மட்டும் மாறவில்லை. 'இந்த முறை எந்தப் புதர் அக்கா?'

பொன்னுருவி திரும்பிப் பார்த்தாள். சடையன் உட்கார்ந்தபடியே அசதியில் கண்ணயர்ந்திருந்தான். மான் எழுதியதை இன்னொரு முறை படித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தி, 'காரைப்புதர் தம்பி' என்று எழுதி அனுப்பினாள்.

நீதி: குஞ்சு பொரித்தால் எட்டிப்பார்க்க நாதியிருக்காது. ஆகவே சமூக வலைத்தளத்தில் சேரும் புதியவர்கள், முட்டையிடும் முன்பே நம்பகமான ஒரு பாம்பை நண்பராகச் சேர்த்துக்கொள்வது நலம்.