மணிவிழா மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நான் மூடவில்லை. அதுவும் கூடப்பிறந்த அக்கா கல்யாணத்தில்.

அக்காவுக்கு வரன் அமையாமல் வருஷக்கணக்காகத் தள்ளிப்போய், கடைசியில் அமைந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் வேலை, முன்பக்கம் முடி இல்லை, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய தாய்மாமாவுக்குத்தான் கவலை. "எங்க மாப்பிள்ளைய வயசானவருன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடப்படாது" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லி வைத்திருந்தார். (சொன்னால் எழுந்து போய்விடுவார். ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் போயிருக்கிறாராம்.)

நன்னிலத்தில் மண்டபம். வாசலுக்கு மேலே எழுத்து ஓடும் எல்இடி போர்டு. பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது. அப்பா சொல்லி வைத்திருந்த ப்ளக்ஸ் பேனரை வேண்டாம் என்று நிறுத்தினேன்.

மண்டப மேனேஜர் தலையைச் சொறிந்தார். "போர்டு கொஞ்சம் மக்கர் பண்ணும் தம்பி. பேசாம ப்ளக்ஸே கட்டிருங்க."

"என் வேலையே இதுதாங்க" என்றேன். (உண்மைதான். இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடும் லினக்ஸைக் கட்டி மேய்க்கத்தான் சென்னையில் எனக்குச் சம்பளம்.)

மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம் அக்கா பெயரையும் அத்தான் பெயரையும் போர்டில் ஏற்றினேன். 'சேமிக்கப்பட்டது' என்றது. அழகாக ஓடியது. கரண்ட் ஒரு முறை போய் வந்தது. போர்டில் இப்படி ஓடிற்று:

'மணிவிழாக் காணும் ராஜமாணிக்கம் – ஜெயலெட்சுமி தம்பதியினரை வாழ்த்த வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.'

யாரோ, எப்போதோ அங்கே அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு போனவர்கள். மறுபடி பெயரை ஏற்றி, அணைத்துப் போட்டேன். ராஜமாணிக்கம் திரும்பி வந்துவிட்டார்.

ஸ்டூலில் ஏறிப் போர்டின் பெட்டியைத் திறந்து லேப்டாப்பை மாட்டினேன். திரை முழுக்கப் பிழைச் செய்திகள். கரண்ட் அடிக்கடி பட்டென்று போனதில் உள்ளே இருந்த ஃப்ளாஷ் மெமரி கெட்டு, ஃபைல் சிஸ்டம் குழம்பிக் கிடந்தது. பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். சரி செய்துவிட்டேன் என்றது. அணைத்துப் போட்டால், ராஜமாணிக்கம். ராஜமாணிக்கம் பெயர் இருந்த ஃபைலையே அழித்தேன். அழித்துவிட்டேன் என்றது. மறுபடியும் ராஜமாணிக்கம், ஜெயலெட்சுமியோடு. மொத்தமாக மாற்றிவிடலாம் என்றால் போர்டின் மென்பொருள் மண்டபத்தில் யாரிடமும் இல்லை, விற்றவர் போனை எடுக்கவில்லை.

"பொய் சொல்லுதுங்க இது! எழுதாமலே எழுதிட்டேங்குது!" என்று மேனேஜரிடம் கத்தினேன்.

"அதைத்தான் தம்பி மக்கர்னு சொன்னேன். அணைச்சே வச்சிருவோம்."

ப்ளக்ஸும் இல்லாமல், போர்டும் இல்லாமல் மொட்டை வாசலில் மாப்பிள்ளையை இறக்குவதா? மாட்டேன் என்றேன். கரண்ட் போனால்தானே மறக்கிறது, போகவே விடாமல் வைத்துக்கொண்டால்? மேனேஜர் அறையிலிருந்த யுபிஎஸ்ஸைத் தூக்கி வந்து, வாசலோரம் நாற்காலிக்கு அடியில் வைத்து, போர்டை அதில் மாட்டிப் பெயரை ஏற்றினேன்.

பொழுது சாய்ந்தது. மேளம் நெருங்கியது. மாப்பிள்ளை கார் வாசலுக்கு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மண்டபமே இருட்டு, போர்டு மட்டும் அக்கா பெயரோடு ஜொலித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் யுபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை எறங்குற நேரத்துல என்னடா இது, அபசகுனமா!" என்று அப்பா குனிந்து அதன் பட்டனை அழுத்திப் பிடித்தார். கத்தல் நின்றது. போர்டும் நின்றது.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பதற்றத்தில் நானே பாய்ந்து பட்டனை மறுபடி அழுத்தினேன். வேறெதுவுமே தெரியாத அந்த இருட்டில், இரண்டு வீட்டாரும் அண்ணாந்து பார்க்க, மணிவிழா ஓடத் தொடங்கியது.

தாய்மாமா முழு வரியையும் சத்தமாகப் படித்தார். மேளம் நின்றது. "கூப்பிட்டு வச்சு அசிங்கப்படுத்துறீங்களா? வண்டியத் திருப்புய்யா!"

போர்டு வெளிச்சத்தில் ஜன்னலில் அக்கா முகம் தெரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தவள் கல்யாணத்தை என் வீம்பால் கெடுத்துவிட்டேனே என்று தாய்மாமாவிடம் ஓடினேன். "ஃபைல் சிஸ்டம் கரப்ட் ஆயிருச்சுங்க" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். (வேறு என்ன சொல்வது?) மேனேஜர் ஜமக்காளத்தைத் தூக்கி போர்டின் மேல் போட்டார்.

அதற்குள் அத்தானே காரை விட்டு இறங்கிவிட்டார். "விடுங்க மாமா. அறுபது வயசுலயும் இந்தப் பொண்ணோடதான் நான் இருக்கப்போறேன். அதை முன்னாடியே போட்டுட்டாங்க, அவ்வளவுதானே" என்றார். மாமா முறைத்துக்கொண்டே உள்ளே நடந்தார். மேளம் மறுபடி தொடங்கியது.

அன்று முதல் எங்கள் வீட்டில் அவர் ராஜமாணிக்கம் அத்தான். சிரித்துக்கொண்டே கூப்பிடுவோம், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அதே மண்டபத்தில் என் கல்யாணம் வந்தது. வாசலில் அத்தான் செலவில் ஆளுயர ப்ளக்ஸ், கைகூப்பி நிற்கும் என் படத்தோடு: 'மணிவிழாக் காணும்...'

அன்றைக்கும் கரண்ட் போனது. ப்ளக்ஸில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெண் வீட்டார் செல்போன் டார்ச் அடித்து நிதானமாகப் படித்தார்கள்.