எலும்பு நழுவியதற்கு வந்த விரல்

மோஜி
ஜூன் 9

மதிப்பிற்குரிய மாமா இவாமத்சு அவர்களுக்கு,

மருமகன் தொமொனோரி எழுதுவது. மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஈரத்தில் மூட்டுவலி வராமல் பார்த்துக்கொள்ளவும். தங்கள் அடிதடிக் கூட்டத்தில் பத்து விரல் உள்ளவர்களும் அதற்குக் குறைந்தவர்களும் அவரவர் மிச்சத்தோடு நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வரும் பதினான்காம் தேதி, உங்கள் மகள், என் மனைவி சிசுரு இறந்து நாற்பத்தொன்பதாம் நாள். அன்று அவள் அஸ்தியைக் கல்லறையில் வைக்க வேண்டும். அவள் இவாமத்சு வீட்டுப் பெண், எங்கள் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்று உங்கள் இரண்டாம் ஆள் குசுஹாராவிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். முடியாது மாமா. துறைமுகத்துக்கு மேலே மேட்டில் அவளே பார்த்துவைத்த இடம் இருக்கிறது, அங்கேதான் வைக்கப்போகிறேன். அங்கே நீங்களும் வர வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஆறு வாரமாக எனக்குக் கோபம், பசி, தூக்கம் எதுவுமே சரியாக வருவதில்லை. காரணங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் இரங்கலுக்கு வந்தீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண்டபத்துக்காரர்கள் கொடுத்த தாளில் ‘கூட்டத்து ஆட்கள் யாரும் வரமாட்டார்கள்’ என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், நீங்கள் பன்னிரண்டு பேரோடு, கறுப்புக் கோட்டில் வெள்ளிச் சின்னத்தோடு வந்து இறங்கினீர்கள். அந்த லிஃப்ட்டில் எட்டுப் பேர்தான் ஏறலாம். லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு, எனக்குத் தெரியும். பதின்மூன்று பேரும் ஏறினீர்கள், பஸ்ஸர் அடித்தது. சாதாரண மனிதர்களாக இருந்தால் நாலைந்து பேர் இறங்கியிருப்பார்கள். உங்கள் கூட்டத்தில் தலைவரை விட்டுவிட்டு யாரும் தானாக இறங்கக் கூடாது, உத்தரவு வேண்டும், அந்த உத்தரவும் படிப்படியாகத்தான் வர வேண்டும். நீங்கள் குசுஹாராவிடம் சொல்ல, குசுஹாரா அடுத்தவரிடம் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, கடைசி ஆள் காதில் விழுந்தபோது அவர், “அப்பா இருக்கும்போது நான் எப்படி முதுகைக் காட்டி இறங்குறது?” என்று கண்கலங்கி நின்றாராம். நாலு நிமிடம் பஸ்ஸர். துறவி மந்திரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உங்களை அப்பா என்று கூப்பிட அந்த லிஃப்ட்டுக்குள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள் மாமா. உண்மையிலேயே அப்படிக் கூப்பிட வேண்டியவள் பதினோரு வருடம் முன்பே கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அன்று பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

பிறகு மலர்வளையச் சண்டை. யார் வளையம் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது என்று வாசலில் ஒரு மணி நேரம். “நான் அப்பா கையால சாராயக் கிண்ணம் வாங்கிக் குடிச்சுக் கூட்டத்துல சேர்ந்து இருவத்தாறு வருஷம், என் பூவு கக்கூஸ் பக்கமா?” என்று ஒருவர். “அண்ணே, நீங்க நடுவுல ரெண்டு வருஷம் உள்ள இருந்தீங்க, அதைக் கழிக்கணும்ல?” என்று இன்னொருவர். சிசுருவுக்கு லில்லி வாசம் ஒத்துக்கொள்ளாது, தும்முவாள். அதை யாருமே கேட்கவில்லை.

எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். மறுநாள் சுடுகாட்டில் நடந்ததுதான் விஷயம். இரண்டு பேர் சேர்ந்து குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்துக் கலசத்தில் போட வேண்டும், நானும் நீங்களும் ஜோடி. உங்கள் வலது சுண்டுவிரலில் பாதி இல்லை, இடதில் சுத்தமாக இல்லை. அவள் தோள் எலும்பு கீழே விழுந்து மூன்றாக உடைந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் உங்கள் கையைத்தான் பார்த்தார்கள். “என் கைதான். நழுவிடுச்சு, மாப்ளே,” என்றீர்கள். நான் மண்டிபோட்டுப் பொறுக்கினேன்.

பத்தாம் நாள் பார்சல் வந்தது. மேலே ‘குளிர்பதனம்’ என்று ஸ்டிக்கர். யாரோ இனிப்பு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். பாட்டிலில் குசுஹாராவின் விரல், பிழைக்கு மன்னிப்பாக உங்கள் கூட்டத்தில் அறுத்துக் கொடுப்பீர்களே, அப்படி. தலைவர் கையால் நடந்த பிழைக்கு அடியேன் மன்னிப்பு என்று அழகான கையெழுத்தில் ஒரு தாள். எலும்பு நழுவுவது உங்கள் கையில், விரல் போவது அறுபத்தேழு வயது கிழவருக்கு! எங்கள் கம்பெனியில் லிஃப்ட் நின்றுபோனால் பழுது பார்த்தவனைத்தான் கேள்வி கேட்பார்கள், பக்கத்துக் கட்டிடத்துக் காவலாளியின் காதை அறுக்க மாட்டார்கள். குப்பை எடுக்கும் அட்டவணையைப் பார்த்தேன், செவ்வாய், வெள்ளி எரிக்கிற குப்பை எடுக்கும் நாள், அதில் போட மனசு வரவில்லை. வார்டு ஆபீசுக்குப் போன் செய்து, ஒரு விரலை முறைப்படி எரிக்க முடியுமா என்று கேட்டேன்.

“எரிக்க அனுமதி வேணும்னா இறப்புச் சான்றிதழ் வேணுமே. எப்போ தவறினாரு?” என்றாள் அந்தப் பெண்.

“தவறலைங்க. மிச்ச ஆள் நல்லா இருக்காரு.”

“சார், நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். ஆறு வாரத்தில் என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

குசுஹாராவுக்குப் போன் செய்து ஏன் இப்படி என்று கத்தினேன். “தம்பி, எங்களுக்கு வருத்தத்தச் சொல்ல வேற வழி தெரியாது. வாயால சொல்லிப் பழகலையே,” என்றார். இது ஒரு பதிலா? பாட்டிலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நமக்குள் இனிப் பேச எதுவும் இல்லை. உங்கள் உடல்நலமும் உங்கள் கூட்டத்தாரின் எஞ்சிய உறுப்புகளும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
செகாவா தொமொனோரி

பி.கு: பாட்டிலை இதோடு அனுப்பவில்லை. அதைக் குசுஹாராவிடம் நானே நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எலும்பை விட்டது என் கை, மாமா. எட்டு வருடமாக நெல்லளவு திருகாணியைக்கூட நழுவ விடாத கை, அன்று மரத்துப்போய்த் தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் நின்ற நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் ‘என் கைதான்’ என்று சொன்னீர்கள், எனக்கும் அது அப்போதே தெரியும். பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு மேட்டுக்கு வாருங்கள். கலசத்தை உள்ளே இறக்க ஒருத்தனால் முடியாது. நீங்கள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.